ரீஃபண்ட் வந்தா ஃப்ரிட்ஜ் நிறையும்: அமெரிக்க டாக்ஸ் கிரெடிட்டும் சாப்பாட்டுக் கஷ்டமும்

பிப்ரவரி மாசம் சனிக்கிழமை காலைல எங்க ஊர் லைப்ரரில ஒரு ஓரமா நாலு மேஜை போட்டிருப்பாங்க, மேஜைக்கு ஒரு லேப்டாப், இருமிக்கிட்டே ஓடுற பழைய பிரிண்டர் ஒண்ணு, கதவு தெறக்குறதுக்கு முன்னாடியே வெளிய குளிர்ல க்யூ நிக்கும். இதுக்குப் பேரு விஐடிஏ, வாயால சொல்றப்ப வீட்டான்னு சொல்லுவாங்க, கம்மி வருமானம் உள்ளவங்களுக்கு ஃப்ரீயா டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் குடுக்குற ஏற்பாடு, ஐஆர்எஸ்ங்குற அமெரிக்க வருமான வரி ஆபீஸ் ஆதரவுல வாலண்டியருங்க நடத்துறது. இங்க வேலை பாக்குறவரோட குடும்பத்துக்குக் குடுக்குற ஹெச்4 விசால வந்து வேலைக்குப் போக முடியாம வீட்டுச் சுவரையே பாத்துட்டு உக்காந்திருந்த காலத்துல நான் அங்க போய் சேந்தேன். ஆன்லைன்ல பரீட்சை எழுதி பாஸ் பண்ணாத்தான் மேஜைல உக்கார விடுவாங்க, அதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு.

வர்றவங்க முதல்ல "எவ்ளோ வரும்"னு கேப்பாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். முக்காவாசி பேரு கேட்டது "எப்ப வரும்". எந்த தேதி, திங்கக்கிழமையா வியாழக்கிழமையா. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரிய ரெண்டு சீசன் ஆச்சு, அத புரிஞ்சிக்கிட்டா இந்த விஷயமே பாதி புரிஞ்ச மாதிரி. அதனால அடிப்படைலேருந்து சொல்றேன்.

முதல்ல டாக்ஸ் கிரெடிட்னா என்ன. நம்மூர்ல சம்பளத்துல டிடிஎஸ் ஜாஸ்தியா புடிச்சிட்டா ரிட்டர்ன் போட்டு திருப்பி வாங்குவோம்ல, அது நம்ம காசுதான், குடுத்தத திருப்பி வாங்குறோம். இன்னொண்ணு 87ஏ ரிபேட், இப்ப புது ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் வருமானம் உள்ளவங்களுக்கு 60,000 ரூபா வரைக்கும் வரிய தள்ளுபடி பண்ணி ஜீரோ ஆக்கிடுவாங்க. ஆனா ஜீரோவோட சரி. உங்க வரி 10,000 ரூபாதான் வருதுன்னு வைங்க, அது போயிடும், மிச்சம் 50,000த்த உங்க பேங்க்ல போட மாட்டாங்க. அமெரிக்காவுல சில கிரெடிட் இருக்கு, அதுங்க ஜீரோவ தாண்டி கீழயும் போகும், அதாவது நீங்க கட்டவேண்டிய வரி ஜீரோவா இருந்தாலும் மிச்ச கிரெடிட் பணமா உங்க கைக்கு வரும். அதத்தான் ரீஃபண்டபிள் கிரெடிட்னு சொல்றாங்க. பேருதான் டாக்ஸ் கிரெடிட், ஏழைக் குடும்பத்துக்குப் போறப்ப அது நேரடியா கைல குடுக்குற உதவிப் பணம்தான். அத வருமான வரி ஆபீஸ் வழியா குடுக்குறாங்க, அவ்ளோதான்.

ரெண்டு கிரெடிட் முக்கியம். ஒண்ணு ஏர்ன்ட் இன்கம் டாக்ஸ் கிரெடிட், சுருக்கமா ஈஐடிசி. இன்னொண்ணு சைல்ட் டாக்ஸ் கிரெடிட், சிடிசி. (நம்ம ஐடி ஆளுங்களுக்கு சிடிசின்னா ஆஃபர் லெட்டர்ல போடுற மொத்தச் சம்பளம்தான் ஞாபகம் வரும், இது வேற.)

ஈஐடிசி பொறந்தது 1975ல. லூசியானா செனட்டர் ரசல் லாங்னு ஒருத்தர், செனட்ல வரி விஷயங்கள பாக்குற கமிட்டிக்கு தலைவர். அதுக்கு சில வருஷம் முன்னாடி எல்லா ஏழைக் குடும்பத்துக்கும் ஒரு குறைஞ்சபட்ச வருமானத்த அரசாங்கமே உறுதி பண்ணலாம்னு நிக்சன் ஒரு திட்டம் கொண்டுவந்தாரு, லாங்குக்கு அது சுத்தமா புடிக்கல. வேலை செய்றவங்களுக்கு மட்டும் போனஸ் மாதிரி குடுங்கன்னாரு. அந்த யோசனைதான் ஜெரால்ட் ஃபோர்ட் கையெழுத்துப் போட்ட 1975 சட்டத்துல நுழைஞ்சிது, அப்ப அதிகபட்சமே 400 டாலர்தான், அதுவும் தற்காலிகமா. 1978ல நிரந்தரம் ஆச்சு, அப்புறம் 1986, 1990, 1993ன்னு ரெண்டு கட்சி ஆட்சியிலயும் பெருசாக்கிட்டே போனாங்க. வேலை இருந்தாத்தான் காசுங்குறதால வலதுசாரிங்களுக்கும் உறுத்தல, ஏழைங்களுக்குப் போகுதுங்குறதால இடதுசாரிங்களுக்கும் ஓகே. சிடிசி அதுக்கு அப்புறம், 1997 சட்டத்துல வந்தது, ஆரம்பத்துல குழந்தைக்கு 400 டாலர், 2017 சட்டத்துக்கு அப்புறம் 2,000.

இப்ப ஒரு கணக்கு போடுவோம், கற்பனைக் குடும்பம்தான். தனியா ரெண்டு புள்ளைங்கள வளக்குற ஒரு அம்மா, வயசானவங்க ஹோம்ல மணிக்கூலி வேலை, வருஷத்துக்கு 22,000 டாலர். ரூபால மாத்திப் பாத்து ஆஹான்னு வாயப் பொளக்காதீங்க, அமெரிக்காவுல நெறைய ஊர்ல ஒரு ரூம் வீட்டு வாடகைலயே அதுல பாதிக்கு மேல போயிடும். 2024 வருஷத்துக்கு இவங்களுக்கு ஈஐடிசி எப்படி வரும்னா, ரெண்டு குழந்தைன்னா சம்பாதிக்கிற முதல் 17,400 டாலருக்கு டாலருக்கு 40 சென்ட் வீதம் ஏறும், 6,960ல போய் நின்னுடும். அப்புறம் கொஞ்ச தூரம் சமதளம். 22,720 டாலருக்கு மேல சம்பாதிச்சா கூடுற ஒவ்வொரு டாலருக்கும் 21 சென்ட் குறைஞ்சிக்கிட்டே வந்து 55,768ல ஒண்ணுமில்லாம ஆயிடும். மலை மாதிரி யோசிங்க, ஒரு பக்கம் செங்குத்தா ஏறி, மேல கொஞ்சம் மொட்டையா இருந்து, அந்தப் பக்கம் மெதுவா சரியுற மலை. இந்த அம்மா உச்சில நிக்கிறாங்க, அதனால முழு 6,960ம் கிடைக்கும்.

சிடிசி? ரெண்டு புள்ளைக்கு 4,000 கிடைக்கணும்ல. கிடைக்காது. இங்கதான் இந்தச் சட்டத்தோட கோக்குமாக்கு. இவங்க கட்டவேண்டிய வருமான வரியே பத்து டாலர் மாதிரிதான் வரும், அதனால மிச்சத்த பணமா வாங்கணும், அப்படி பணமா வாங்குறதுக்கு ஒரு ஃபார்முலா, 2,500 டாலருக்கு மேல சம்பாதிச்சதுல 15 சதவீதம். 22,000ல 2,500 கழிச்சா 19,500, அதுல 15 சதவீதம் 2,925. ஆக 2,935 டாலர் சுமாரா வரும், ஆயிரத்துக்கு மேல விட்டுப்போச்சு. லட்சம் டாலர் சம்பாதிக்கிற வீட்ல ரெண்டு குழந்தை இருந்தா முழு 4,000ம் கிடைக்கும். எனக்கு மொதோ தடவ சாஃப்ட்வேர் இந்த நம்பர காட்டுனப்ப நான்தான் எதையோ தப்பா டைப் பண்ணிட்டேன்னு நெனச்சி பக்கத்து மேஜைல கேட்டேன், அவரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், "சரியாத்தான் இருக்கு, சட்டம்தான் அப்படி"ன்னு சிரிச்சாரு.

ரெண்டையும் கூட்டுனா 9,900 டாலர்கிட்ட. அஞ்சு மாச சம்பளத்த விட கூட, ஒரே நாள்ல, மொத்தமா அக்கவுண்ட்ல. இவங்க ஒண்ணும் வரியே கட்டாதவங்கன்னும் சொல்ல முடியாது, சோஷியல் செக்யூரிட்டிங்குற பென்ஷனுக்கும் மெடிகேர்ங்குற வயசானவங்க மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்துலேருந்து 7.65 சதவீதம் புடிக்கிறாங்க, அதுவே வருஷத்துக்கு 1,683 டாலர்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பின்மைன்னு கட்டுரைல எல்லாம் போடுவாங்க, எனக்கு அந்த வார்த்தை வாய்ல நிக்காது, சாப்பாட்டுக் கஷ்டம்னே சொல்றேன். அமெரிக்கால யாரு பட்டினி கெடக்குறான்னு ஊர்ல என் சித்தப்பா கேப்பாரு. எலும்பும் தோலுமா கெடக்குற பட்டினி இங்க ரொம்ப அபூர்வம்தான். இங்க இருக்குறது வேற மாதிரி. அமெரிக்க விவசாயத்துறை 1995லேருந்து வருஷா வருஷம் ஒரு சர்வே எடுத்திருக்கு, புள்ளைங்க இருக்குற வீடுன்னா 18 கேள்வி. காசு வர்றதுக்கு முன்னாடி சாமான் தீந்துடுமோன்னு கவலைப்பட்டீங்களா, வாங்குன சாமான் பத்தாமப் போச்சா, சத்தா சாப்பிட கட்டுப்படியாகலையா, சாப்பாட்டு அளவ குறைச்சீங்களா, ஒரு வேளைய விட்டீங்களா, காசில்லாம நாள் பூரா சாப்பிடாம இருந்தீங்களா, குழந்தைங்களுக்கு குறைச்சீங்களான்னு படிப்படியா இறங்கும். கேள்வி இறங்குற வரிசையே கஷ்டம் இறங்குற வரிசை. முதல்ல கவலை, அப்புறம் காய்கறி போய் பாஸ்தாவும் நூடுல்ஸும், அப்புறம் அம்மா அப்பா தட்டுல குறையும், கடைசிலதான் புள்ளைங்க தட்டுல கை வைப்பாங்க. "நான் வேலை இடத்துலயே சாப்ட்டேன்"னு பொய் சொல்ற அம்மாங்க எல்லா நாட்லயும் இருக்காங்க.

இதுல இன்னொரு விஷயம், கஷ்டம் மாசம் பூரா ஒரே மாதிரி இருக்காது. ஸ்நாப்னு ஒண்ணு இருக்கு, ஏழைங்க சாப்பாட்டு சாமான் வாங்க அரசாங்கம் குடுக்குற உதவி, பழைய ஃபுட் ஸ்டாம்ப், இப்ப கார்டுல மாசம் ஒரு தடவ ஏத்துவாங்க, சுமார் 4 கோடி பேரு வாங்குறாங்க. அந்தக் காசுல பெரும்பகுதி மாசத்துல பாதிக்குள்ளயே தீந்துடும். அப்புறம் அந்தக் கார்டுல சோப்பு வாங்க முடியாது, டயப்பர் வாங்க முடியாது, கடைல சுடச்சுட வச்சிருக்குற வறுத்த கோழி வாங்க முடியாது. ஆக வீட்ல ரொக்கம்னு ஒண்ணு வேணும். ரொக்கம் இல்லாதப்ப வீட்டு ஓனர் விடமாட்டான், கரண்ட் கம்பெனி விடமாட்டான், கார் லோன்காரன் ராத்திரியோட ராத்திரியா வண்டிய தூக்கிட்டுப் போயிடுவான். கேள்வி கேக்காம குறைச்சிக்க விடுறது சாப்பாடு மட்டும்தான், அதனால அடி அங்க விழும். குடும்ப பட்ஜெட்ல சாப்பாடுதான் இளிச்சவாயன்.

இத மனசுல வச்சிக்கிட்டு அந்த 9,900 என்ன பண்ணும்னு பாருங்க. நேரா மளிகைக் கடைக்குப் போகாது. ரெண்டு மாச வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, கிரெடிட் கார்டு, தங்கச்சிகிட்ட வாங்குன கைமாத்து, வண்டி டயர், புள்ளைக்கு ஷூ, இதெல்லாம் முதல்ல போகும். ரீஃபண்ட் சீசன்ல கார் மாதிரி பெரிய சாமான் விற்பனை ஏறுறத சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் ஆராய்ச்சியாளருங்க பல வருஷம் முன்னாடியே கணக்கு எடுத்து காட்டியிருக்காங்க. கார் வாங்குனா ஆடம்பரம்னு நெனைக்கக் கூடாது, பஸ்ஸே இல்லாத ஊர்ல கார் இல்லன்னா வேலை இல்ல, வேலை இல்லன்னா ஈஐடிசியே இல்ல. அதே ஆராய்ச்சி வட்டத்துலேருந்து 2013ல வந்த இன்னொரு வேலைல, ரீஃபண்ட் வர்ற மாசங்கள்ல இந்தக் குடும்பங்க காய்கறி, பழம், கறி, பால் பொருள்னு கொஞ்சம் நல்ல சாப்பாட்டுப் பக்கம் செலவ கூட்டுறாங்கன்னு பாத்திருக்காங்க. காசு இல்லாதப்ப வயிறு நிறையுறதத்தான் பாப்பாங்க, காசு வந்தா முதல்ல தக்காளியும் ஆரஞ்சும் வரும். அறிவுரை சொல்லித்தான் ஏழைங்க நல்லதா சாப்பிடுவாங்கன்னு பேசுறவங்களுக்கு இத அனுப்பலாம்.

கடன அடைச்சதும் சாப்பாட்டுக்கு உதவிதான், ஏன்னா மார்ச், ஏப்ரல், மே மாச சம்பளம் பழைய பாக்கிக்குப் போகாம அடுப்படிக்கு வரும். ஸ்நாப் வாங்குறவங்களுக்கு இன்னொரு நல்லது, இந்த ரீஃபண்ட வருமானமா கணக்குல எடுக்க மாட்டாங்க, சேத்து வச்சாலும் 12 மாசம் வரைக்கும் சொத்தா பாக்க மாட்டாங்க, அதனால ரீஃபண்ட் வந்துச்சுன்னு ஃபுட் ஸ்டாம்ப் போயிடாது. மேஜைல நெறைய பேரு இத பயந்து பயந்து கேப்பாங்க.

ஆனா செப்டம்பர், அக்டோபர் வந்துட்டா கதை மாறிடும். பணம் தீந்திருக்கும், புள்ளைங்களுக்கு ஸ்கூல் சாமான் வாங்கியாச்சு, குளிர் ஆரம்பிச்சா ஹீட்டர் பில் ஏறும், கிறிஸ்துமஸ் வரும், அடுத்த ரீஃபண்டுக்கு இன்னும் நாலஞ்சு மாசம். டிசம்பர் ஜனவரில திரும்ப கைமாத்து, திரும்ப பாக்கி. அதான் அந்தக் கேள்வி, "எப்ப வரும்". 2015ல போட்ட ஒரு சட்டப்படி ஈஐடிசியோ, சிடிசியோட பணமா வர்ற பங்கோ இருக்குற ரிட்டர்னுக்கு பிப்ரவரி 15க்கு முன்னாடி ரீஃபண்ட் விடவே கூடாது, மோசடி நடக்காம செக் பண்றதுக்காம். அதனால ஜனவரி கடைசில ஃபைல் பண்ணாலும் கைக்கு வர்றப்ப பிப்ரவரி கடைசி, மார்ச் ஆயிடும். அந்த மூணு வாரத்துல என்ன சாப்பிடுறதுன்னுதான் அவங்க கவலை. அத வச்சே பொழைக்கிற கூட்டமும் இருக்கு, ரீஃபண்ட காட்டி முன்பணம் குடுக்குறவன், டாக்ஸ் போட்டுக் குடுக்க நூத்துக்கணக்குல ஃபீஸ் வாங்கி அத ரீஃபண்ட்லயே கழிச்சிக்கிறவன். போன வருஷம் வேற எடத்துல போட்டு ஐந்நூறு டாலர விட்டுட்டு வந்தேன்னு ஒரு அம்மா ரசீதக் காட்டுனாங்க, ரெண்டு மாச மளிகைக் காசு அது, ஃபார்ம் என்னமோ ரொம்ப சுலபமான ஃபார்ம்.

மாசா மாசம் பிரிச்சுக் குடுத்தா என்னன்னு யாருக்கும் தோணலையான்னா, தோணிருக்கு. 1979லேருந்து 2010 வரைக்கும் ஈஐடிசில ஒரு பகுதிய சம்பளத்தோடயே முன்கூட்டி வாங்கிக்கலாம்னு வசதி இருந்துச்சு, முதலாளிகிட்ட ஒரு ஃபார்ம் குடுத்தா போதும். தகுதி உள்ளவங்கள்ல நூத்துல மூணு பேருகூட சரியா எடுத்துக்கல. முதலாளிகிட்ட போய் நான் ஏழைன்னு சொல்ற மாதிரி ஆயிடும், வருஷக் கடைசில கணக்கு மாறுனா திருப்பிக் கட்டணும்ங்குற பயம் வேற. அப்புறம் மொத்தமா வந்தாத்தான் எதாச்சும் உருப்படியா பண்ண முடியும்னு நெனைக்கிறவங்களும் நெறைய, நம்ம ஊர்ல சீட்டு போடுற அம்மாங்ககிட்ட கேட்டா அந்த மனசு புரியும். மாசம் 300 வந்தா கரைஞ்சிடும், மொத்தமா வந்தா அட்வான்ஸ் குடுத்து வேற வீட்டுக்கு மாறலாம். நான் மாசா மாசம் குடுக்குற பக்கம் சாய்ஞ்சவதான், இருந்தாலும் அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 2014ல சிகாகோல சில நூறு குடும்பங்களுக்கு ஈஐடிசில பாதிய நாலு தவணையா குடுத்துப் பாத்தாங்க, கடன் வாங்குறதும் மன அழுத்தமும் சாப்பாட்டுக் கஷ்டமும் அந்தக் குடும்பங்கள்ல கம்மியா இருந்துச்சு.

பெரிய சோதனை நடந்தது 2021ல. கொரோனா நேரம், மார்ச் 11ஆம் தேதி பைடன் கையெழுத்துப் போட்ட சட்டத்துல சிடிசிய ஒரு வருஷத்துக்கு மட்டும் மூணு விதமா மாத்துனாங்க. தொகைய ஏத்தி 6 வயசுக்குள்ள 3,600, 6லேருந்து 17 வரைக்கும் 3,000 ஆக்குனாங்க. மேல நான் சொன்ன 15 சதவீத ஃபார்முலாவ தூக்கிட்டாங்க, வருமானமே இல்லாத வீட்டுக்கும் முழுசு. மூணாவதா, பாதிய மாசா மாசம் அனுப்புனாங்க, சின்னக் குழந்தைக்கு 300, பெரிய குழந்தைக்கு 250. ஜூலை 15ஆம் தேதி முதல் தவணை, மூணரைக் கோடி குடும்பம், கிட்டத்தட்ட 6 கோடி குழந்தைங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல சைல்டு சிடிசின்னு ஒரு வரி விழுந்துச்சு. நம்ம கற்பனை அம்மாவுக்கு ஒரு புள்ளை அஞ்சு வயசு, ஒண்ணு ஒன்பதுன்னா மாசம் 550 டாலர்.

ஜூலைங்குறதே முக்கியம். ஸ்கூல் லீவு, புள்ளைங்க மத்தியானச் சாப்பாட்ட ஸ்கூல்ல சாப்பிடாம வீட்ல சாப்பிடுற மாசம், மளிகை பில் எகிறுற மாசம். அப்ப சென்சஸ் ஆபீஸ் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வீடுங்ககிட்ட கேள்வி கேட்டு ஒரு வேகமான சர்வே நடத்திட்டிருந்தாங்க, கடந்த ஏழு நாள்ல சாப்பிட போதுமானது இல்லாம இருந்துச்சான்னு அதுல ஒரு கேள்வி. முதல் தவணைக்கு முன்னாடி புள்ளைங்க இருக்குற 100 வீட்ல 11 வீடு ஆமான்னு சொல்லிச்சு. தவணை வந்த உடனே எடுத்ததுல அது 8.4 ஆச்சு. புள்ளைங்க இல்லாத வீட்ல? பெருசா மாறல.

அந்தக் கடைசி வரிதான் ஆதாரமே, கொஞ்சம் நின்னு பாக்கலாம். ஈஐடிசி வாங்குறவங்களையும் வாங்காதவங்களையும் சும்மா பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தா வாங்குறவங்க வீட்லதான் சாப்பாட்டுக் கஷ்டம் ஜாஸ்தியா தெரியும், ஏன்னா அவங்க ஏழைங்க, அதனாலதான் வாங்குறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்கதான் ஜாஸ்தி சாகுறாங்க, அதனால ஆஸ்பத்திரி ஆபத்துன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அதனால ஆராய்ச்சிக்காரங்க பணம் வந்த வீடு, வராத வீடு ரெண்டையும் எடுத்து, பணம் வர்றதுக்கு முன்னயும் பின்னயும் ரெண்டுலயும் என்ன மாறிச்சுன்னு பாப்பாங்க. வேலைவாய்ப்பு, விலைவாசி, கொரோனா எல்லாம் ரெண்டு வீட்டுக்கும் பொதுவா அடிக்கிற காத்து. ஒரு வீட்ல மட்டும் மாறிச்சுன்னா அந்த வீட்டுக்கு மட்டும் வந்த விஷயம்தான் காரணம்னு சந்தேகப்படலாம். இந்த முறைல 2022 ஜனவரில ஜாமா நெட்வொர்க் ஓப்பன்ங்குற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, முதல் தவணைகளுக்கு அப்புறம் புள்ளைங்க உள்ள வீட்ல சாப்பாட்டுப் பற்றாக்குறை 26 சதவீதம் குறைஞ்சதுன்னு சொல்லிச்சு. அதாவது முன்னாடி நாலு வீடு கஷ்டப்பட்ட எடத்துல மூணு வீடுன்னு வச்சிக்கலாம்.

விவசாயத்துறையோட வருஷக் கணக்கு வேற அளவுகோல், 18 கேள்விங்குறதால வலை பெருசு, நம்பரும் பெருசா இருக்கும், ரெண்டையும் கலக்கக் கூடாது. அதுல புள்ளைங்க உள்ள வீடுங்கள்ல 2020ல 14.8 சதவீதம், 2021ல 12.5, 2022ல 17.3, 2023ல 17.9. குழந்தைங்க வறுமை இத விட தெளிவா தெரியும், அரசு உதவியையும் சேத்துக் கணக்குப் போடுற அளவுல 2021ல 5.2 சதவீதம், அடுத்த வருஷமே 12.4. இவ்ளோ வேகமா ஏறுனது அந்தக் கணக்கு வரலாறுலயே கிடையாது.

2022ல ஏன் ஏறிச்சுன்னா, மாசப் பணம் 2021 டிசம்பர் 15ஆம் தேதியோட நின்னுச்சு. நீட்டிக்கிற மசோதாவுக்கு செனட்ல ஒரு ஓட்டு கூட குறையக் கூடாதுங்குற நிலமைல மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்சின், பைடனோட சொந்தக் கட்சிக்காரர், முடியாதுன்னுட்டாரு. வேலை செஞ்சாத்தான் குடுக்கணும்ங்குறது அவரோட வாதத்துல ஒண்ணு, ரசல் லாங் பேசுனதோட எதிரொலி மாதிரியே இருந்துச்சு. சும்மா பணம் குடுத்தா பதினஞ்சு லட்சம் பேரண்ட்ஸ் வேலைய விட்டுடுவாங்கன்னு சிகாகோ யூனிவர்சிட்டி பொருளாதார ஆளுங்க ஒரு மதிப்பீடும் போட்டிருந்தாங்க. அந்த ஆறு மாசத்துல நிஜமா நடந்தத ஆராஞ்ச பலரும் வேலைல சொல்லிக்கிற மாதிரி குறைவு எதையும் பாக்கல, ஆறு மாசம்தானே, நிரந்தரமா குடுத்திருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்னு மத்தவங்க சொல்றாங்க, அந்தச் சண்டை இன்னும் ஓயல. கொலம்பியா யூனிவர்சிட்டி குழு மாசாமாசம் போட்ட கணக்குல (மேல சொன்ன வருஷக் கணக்கு வேற, ரெண்டையும் கலக்கக் கூடாது) டிசம்பர்ல 12.1 சதவீதமா இருந்த குழந்தைங்க வறுமை ஜனவரில 17 ஆச்சு, 37 லட்சம் குழந்தைங்க ஒரே மாசத்துல.

ஆனா பழி மொத்தத்தையும் சிடிசி நின்னது மேல போடுறதும் நியாயம் கிடையாது. 2022ல மளிகை விலை 11.4 சதவீதம் ஏறிச்சு, முட்டை விலையெல்லாம் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எல்லா புள்ளைக்கும் ஸ்கூல்ல ஃப்ரீ சாப்பாடுன்னு கொரோனால குடுத்த சலுகை அந்த வருஷம் ஜூன்ல முடிஞ்சிது. ஸ்நாப்ல குடுத்த கூடுதல் தொகை 2023 பிப்ரவரியோட எல்லா மாநிலத்துலயும் நின்னுச்சு. அதே மாதிரி 2021ல இறங்குனதுலயும் கொரோனா உதவியா அந்த வருஷம் அரசாங்கம் அனுப்புன ஸ்டிமுலஸ் செக்குக்கு பங்கு இருக்கு. ஜூலைல புள்ளைங்க உள்ள வீட்ல மட்டும் இறங்குன அந்த ஏழு நாள் கேள்விய மட்டும் இதுங்களால விளக்க முடியாது, அதனாலதான் நான் அத பெருசா நம்புறேன்.

கனடாவ ஒரு வரி சொல்லிடறேன், டொரண்டோல ஸ்கார்பரோ பக்கம் இருக்குற நம்மாளுங்களுக்கு இது வீட்டு விஷயம். அங்க 2016 ஜூலைலேருந்து கனடா சைல்ட் பெனிஃபிட் மாசா மாசம் வருது, ஆரம்பத்துல சின்னக் குழந்தைக்கு வருஷம் 6,400 டாலர், பெரிய குழந்தைக்கு 5,400 வரைக்கும், வேலை இருக்கணும்னு கட்டாயம் இல்ல, வருமானம் கூடுனா குறையும். அது வந்தப்புறம் கம்மி வருமானக் குடும்பங்கள்ல ரொம்ப மோசமான சாப்பாட்டுக் கஷ்டம் குறைஞ்சதா அங்க ஆய்வு வந்திருக்கு. அமெரிக்கால ஆறு மாசம் ஓடுனது அங்க பத்து வருஷமா ஓடுது.

இவ்ளோ பேசியும் பணம் சிலருக்குப் போய்ச் சேராது. ஈஐடிசிக்கு தகுதி உள்ள அஞ்சு பேர்ல ஒருத்தர் வாங்குறதே இல்லன்னு ஐஆர்எஸ்ஸே சொல்லுது. வருமானம் ரொம்பக் கம்மின்னா ரிட்டர்ன் போடவே சட்டப்படி அவசியம் இல்ல, போடலன்னா கிரெடிட்டும் இல்ல, ரொம்ப ஏழைங்கதான் இதுல விழுறாங்க. அம்மாகிட்ட மூணு நாள், பாட்டிகிட்ட நாலு நாள்னு வளர்ற குழந்தைய யாரு கிளெய்ம் பண்றதுன்னு தகராறு வந்தா ஐஆர்எஸ் லெட்டர் போட்டு ஸ்கூல் ரெக்கார்டு கேக்கும், பதில் போய் அது முடியுற வரைக்கும் ரீஃபண்ட் மாசக்கணக்குல முடங்கும். அந்த மாசங்கள்ல அந்த வீட்டு ஃப்ரிட்ஜ யாரும் கணக்கு எடுக்குறதில்ல.

நம்மாளுங்க கதை தனி. ஈஐடிசிக்கு ரிட்டர்ன் போடுறவங்களுக்கும், சேந்து போட்டா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும், கணக்குல காட்டுற குழந்தைங்களுக்கும் வேலை செய்ய செல்லுபடியாகுற சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வேணும், ஹெச்4ல அந்த நம்பர் இல்லாம, வரி கட்ட மட்டும் குடுக்குற ஐடின்ங்குற நம்பர் வச்சிருக்குற மனைவியோட சேந்து ஃபைல் பண்ணா கிடையாது. சிடிசிக்கு புள்ளைக்கு நம்பர் கட்டாயம், சென்னைல பொறந்து ஐடின்ல இருக்குற மூத்தவளுக்கு சிடிசி கிடையாது, 500 டாலர் வேற கிரெடிட் ஒண்ணு வரலாம், இங்க பொறந்த தம்பிக்கு முழுசா உண்டு. ஒரே வீடு, ஒரே தட்டு. 2025லேருந்து பேரண்ட்ஸ்ல ஒருத்தருக்காவது நம்பர் இருக்கணும்னு இன்னொரு கதவையும் மூடிட்டாங்க.

அந்த 2025 சட்டம்தான் சிடிசிய குழந்தைக்கு 2,200 ஆக்குச்சு. நம்ம 22,000 டாலர் அம்மாவுக்கு அதுல எவ்ளோ கூடிச்சுன்னு அதே ஃபார்முலால போட்டுப் பாருங்க, 19,500ல 15 சதவீதம், அதே 2,925. ஒரு டாலர் கூட கூடல. ஈஐடிசி மட்டும் விலைவாசிக்கு ஏத்த மாதிரி 7,152 ஆச்சு. சில மாநிலங்க தன் பங்குக்கு எதாச்சும் பண்ணுது, மினசோட்டால 2023லேருந்து குழந்தைக்கு 1,750 டாலர் மாநிலக் கிரெடிட், கலிஃபோர்னியால 2015லேருந்து தனி ஈஐடிசி, இந்த மாதிரி முப்பது மாநிலத்துக்கு மேல ஆயிடுச்சு. இதெல்லாம் சாப்பாட்டுல எவ்ளோ வித்தியாசம் பண்ணுதுன்னு இனிமே பாக்குறதுதான் கஷ்டம், ஏன்னா அந்த 18 கேள்வி சர்வேய நிறுத்தப்போறோம்னு விவசாயத்துறை 2025 செப்டம்பர்ல அறிவிச்சிடுச்சு.

தெரிஞ்சவங்க யாராச்சும், டாக்ஸி ஓட்டுறவங்க, மளிகைக் கடைல நிக்கிறவங்க, கிரீன் கார்டுல புதுசா வந்து கம்மி சம்பளத்துல இருக்குறவங்க, "நமக்கெல்லாம் எங்க வரப்போகுது"ன்னு ஃபைல் பண்ணாம விட்டிருந்தா, மூணு வருஷம் வரைக்கும் பின்னாடி போய் பழைய ரிட்டர்ன் போட்டு இந்தக் கிரெடிட்டுங்கள வாங்கலாம். வீட்டா மேஜைக்குப் போறப்ப சோஷியல் செக்யூரிட்டி கார்டு எல்லாருதும், போட்டோ ஐடி, சம்பளக் கணக்கு காட்டி முதலாளி குடுக்குற டபிள்யூ2 ஃபார்ம், பேங்க் ரௌட்டிங் நம்பர், புருஷன் பொண்டாட்டின்னா ரெண்டு பேருமே நேர்ல. சனிக்கிழமைன்னா கதவு தெறக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, கைல எதாச்சும் சாப்பிட எடுத்துட்டுப் போங்க, க்யூ பெருசா இருக்கும்.